வெறும் பெட்டி

ஹாலிடே கிளப்பிலிருந்து விலக வருகிறவர்களைப் பேசியே நிறுத்துவதுதான் பெனிட்டாவின் வேலை. அன்று வந்த ஆவுடையப்பன், மெருகு கலையாத ஒரு சிவப்பு சூட்கேஸைத் தூக்கி அவள் மேஜைமேல் வைத்தார். ஒன்பது வருடத்துக்கு முன் அவரும் மனைவியும் உறுப்பினராகச் சேர்ந்த அன்று கிளப் இலவசமாகக் கொடுத்தது. சக்கரங்களில் சுற்றிய பிளாஸ்டிக்கைக்கூட யாரும் பிரிக்கவில்லை. அவர்கள் கேட்டபோதெல்லாம் கிளப்பின் மலை விடுதியில் அறை காலியில்லை என்றே பதில் போயிருந்தது.

“குடுத்ததைத் திருப்பிக் குடுத்தாச்சும்மா. எங்க பேரை எடுத்துருங்க.”

“பரிசைத் திருப்பித் தந்தா கான்ட்ராக்ட் முடிஞ்சிராது சார். இன்னும் பதினாறு வருஷம் இருக்கு.”

“இருக்கட்டும்மா. ஓசியில வாங்கினது வீட்ல இருக்கும்போது சண்டை போட வாய் வரல. அதான் இத்தனை வருஷம் சும்மா இருந்துட்டோம். இனிமே கேப்பேன்லா.”

பெட்டியை அவர் பக்கமே நகர்த்தப் பார்த்தாள். கனத்தது.

“உள்ள என்ன சார்?”

“முறுக்கு. வெறும் பெட்டியாத் திருப்பக் கூடாதுன்னு வீட்டுல காலையிலேயே சுட்டு வச்சுட்டா.”

ஜிப்பைத் திறந்து, தகர டப்பாவின் மூடியையும் அவரே எடுத்தார். “ஒண்ணு எடுத்துக்கோங்க.”

மறுக்கத் தெரியாமல் பெனிட்டா ஒன்றை எடுத்துக் கடித்தாள். வெண்ணெய் போட்டுப் பிசைந்த மாவு; இன்னும் இளஞ்சூடு இருந்தது.

“இப்ப நீங்க சொல்லுங்கம்மா” என்று அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அவள் அடுத்துச் சொல்லவேண்டிய வரிகள் கம்ப்யூட்டர் திரையில் வரிசையாக நின்றன. முறுக்கை விழுங்கிவிட்டுத் திரையைப் பார்த்தாள். வாய் வரவில்லை.