நாலு மீட்டருக்குள் ஒரு டப்பா

"தம்பி, அது என் துணி மூட்டை. அதுக்குள்ள ஏன் எட்டிப் பார்க்கறீங்க?"

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் சட்டென்று நிமிர்ந்தார். நாலு மாடிக் கட்டடத்தின் நுழைவாசல் அது. ஒரு பக்கம் இரும்பு மாடிப்படி, எதிர்ப்பக்கம் வரிசையாகத் தபால் பெட்டிகள். நடுவில் தையல் இயந்திரம் போட்டு, யாருடைய பேன்ட்டுக்கோ கீழ்மடிப்பு அடித்துக்கொண்டிருந்தார் தையல்கார அக்கா.

"இல்லக்கா, வந்து... இவளோட தோடு ஒண்ணு விழுந்துடுச்சு."

அக்கா தையலை நிறுத்தினார். கடைக்காரருக்குப் பக்கத்தில் நின்ற மனைவியின் வலது காதைப் பார்த்தார். இடது காதைப் பார்த்தார்.

"ரெண்டும் இருக்கே."

மனைவி கணவரைத் தள்ளிக்கொண்டு போனாள். "பொய் சொல்றதுக்கு முன்னாடி என் காதை ஒரு தடவை பார்க்கக் கூடாதா?"

அவர் பாவம், எதைப் பார்ப்பார். கைப்பேசியில் அம்புக்குறி நாலு மீட்டர், நாலு மீட்டர் என்று துடித்துக்கொண்டிருந்தது. சுற்றிலும் உயரமான கட்டடங்கள் இருந்தால் அதற்கும் தலை சுற்றும் போலிருக்கிறது. ஒரு தடவை படியைக் காட்டியது, ஒரு தடவை தபால் பெட்டியைக் காட்டியது, ஒரு தடவை அக்காவையே காட்டியது.

புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் இந்த ஜியோகேச்சிங் பைத்தியம் பிடித்து இரண்டு மாதம். முன்பின் தெரியாத யாரோ ஊருக்குள் ஒரு டப்பாவை ஒளித்துவைத்து, இடத்தை மட்டும் இணையத்தில் குறித்துவிடுவார். தேடிக் கண்டுபிடித்து, உள்ளே இருக்கிற தாளில் பெயரை எழுதிவிட்டு, திரும்ப அங்கேயே வைத்துவிட்டு வர வேண்டும். விளையாட்டில் இல்லாதவர்களிடம் மூச்சு விடக் கூடாது. பரிசு? அந்தப் பெயர்தான் பரிசு.

இதுவரை பதினோரு டப்பா. பதினொன்றிலும் இவர்களுக்கு முன்னால் 'புயல்' என்று ஒருவன் கையெழுத்துப் போட்டிருந்தான். இன்றைய டப்பா இணையத்தில் வந்து அரை மணி நேரம்தான் ஆகிறது. கடையில் ஒரு வாடிக்கையாளரை ஒரு சில்லு மட்டும் மாட்டிய கண்ணாடியோடு உட்காரவைத்துவிட்டு ஓடிவந்திருந்தார்கள்.

"ஏங்க, புயல் இணையத்துல எழுதியிருக்கான். கிளம்பிட்டானாம், இருபது நிமிஷத்துல வந்துடுவானாம்."

"இந்த அக்கா நகர மாட்டேங்கறாங்களே."

மனைவி ஒரு கணம் யோசித்தாள். "நான் அவங்க கண்ணைப் பிடிச்சு வைக்கறேன். நீங்க தேடுங்க."

அக்காவுக்கு எதிரே காலியாகக் கிடந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். "என்ன வெயில்க்கா. கொஞ்சம் உட்கார்ந்துக்கட்டுமா?"

"தாராளமா உட்காரு. கல்யாணம் ஆகி எத்தனை வருஷம்?"

"அஞ்சு."

"மாமியார் கூடவேவா?"

அவ்வளவுதான், மடை திறந்துகொண்டது. சர்க்கரை டப்பாவைப் பூட்டிவைக்கும் மாமியார், மீசைக்கு மட்டும் சாயம் அடித்துக்கொள்ளும் மாமனார், குளியலறையில் பாட்டுப் பாடி எதிர்வீட்டாரிடம் திட்டு வாங்கிய கொழுந்தன் என்று ஒருவர் பின் ஒருவராக வந்து நின்றார்கள். படிக்கு அடியில் கைவிட்டுத் துழாவிக்கொண்டிருந்த கணவருக்கு எல்லாம் காதில் விழுந்தது. வாயைத் திறந்தால் அக்கா திரும்பிவிடுவார். குடும்ப மானம் கப்பலேறுவதைக் கேட்டபடி தபால் பெட்டிகளுக்கு நகர்ந்தார்.

"நாத்தனார் உண்டா?"

"உண்டுக்கா. புருஷன்கிட்ட கோவிச்சுக்கிட்டு ரெண்டு தடவை வந்துட்டா."

அக்கா கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "முதல் தடவை எதுக்கு?"

"அவர் குறட்டை விடறாராம்."

"சரி. ரெண்டாவது தடவை?"

"அதுதான்க்கா பெரிய கதை. அவரோட சட்டைப் பையில ஒரு நாள்..."

முதல் பெட்டியின் அடியில் தூசி. இரண்டாவதில் துரு. மூன்று, நாலு, ஒன்றுமில்லை. ஐந்தாவதன் அடியில் விரல் எதிலோ இடித்தது. தீப்பெட்டி அளவில், காந்தம் வைத்த தகர டப்பா. திறந்தார். சுருட்டிவைத்த தாள். விரித்தால் வெள்ளை வெளேரென்று இருந்தது, ஒரு எழுத்துக்கூட இல்லை.

இரண்டு பேர் பெயரையும் எழுதினார். டப்பாவை இருந்த இடத்தில் ஒட்டினார். இரண்டு தடவை இருமினார்.

மனைவி துள்ளி எழுந்தாள். "வரேன்க்கா, நேரமாச்சு."

"இரும்மா. சட்டைப் பையில என்ன இருந்துச்சு?"

"இன்னொரு நாள் சொல்றேன்க்கா."

தெருவுக்கு வந்ததும் இரண்டு பேரும் பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் மாதிரி ஓடினார்கள்.

"வெள்ளைத் தாளுடி. நாமதான் முதல்."

"புயல் முகம் எப்படி இருக்கும்னு பார்க்கணுமே. அந்த அக்காவுக்குத் துளி சந்தேகம் வரலை பார்த்தீங்களா? பேச்சுக் கொடுத்தா போதும், நல்லா ஏமாந்துட்டாங்க."

"அது சரி, அதுக்காக என் தங்கச்சியைக் கூடவா விப்பே?"

"முதல் பேரு வேணுமா, தங்கச்சி மானம் வேணுமா?"

அவர் நாலு எட்டு யோசித்தபடி நடந்தார். "முதல் பேருதான்."

அவர்கள் தெருமுனையில் மறைந்ததும், தையல்கார அக்கா எழுந்து போய், காலையில் தானே ஒட்டிவைத்த டப்பாவை ஐந்தாவது பெட்டியின் அடியிலிருந்து கழற்றினார். சட்டைப் பை விவகாரம் தெரிவதற்குள் கண்டுபிடித்துத் தொலைத்துவிட்டார்களே என்று நொந்தபடி, இந்தத் தடவை அதைத் தன் தையல் இயந்திரத்துக்கு அடியில் ஒட்டிவிட்டு, கைப்பேசியும் கையுமாக மூச்சிரைக்க வந்து நின்ற இளைஞனுக்கு நாற்காலியைத் துடைத்துப் போட்டார்: "உட்காருங்க தம்பி, கல்யாணம் ஆயிடுச்சா?"