வேட்டியின் நான்காவது முனை

பதிவு அலுவலக முற்றத்தில் மரம் ஒன்றுகூட இல்லாததால் உச்சி வெயில் மணமக்கள்மீது செங்குத்தாக இறங்கியது. "மூக்கு நிழல் விழுந்து பொண்ணுக்கும் மீசை மொளைச்சிருச்சே!" என்று புகைப்படக்காரர் சிரித்தார். மாப்பிள்ளையின் நண்பர்கள் மூவர் ஒரு வெள்ளை வேட்டியை அவர்கள் தலைக்குமேல் விரித்துப் பிடித்தார்கள். பிடிக்க ஆளின்றி நான்காவது முனை தொங்க, அந்த இடைவெளியில் நுழைந்த வெயில் தேனரசியின் கன்னத்தை இரண்டாக வெட்டியது. கல்யாணத்துக்கு வரவே மாட்டேன் என்று சொன்ன அப்பா, காலையிலிருந்து எதிர்ச்சாரி டீக்கடையில் நிற்பதை அவள் பார்த்தும் பாராதவளாக இருந்தாள். காமிராவைப் பார்க்கச் சொன்னார்கள், பார்த்தாள். சட்டென்று கன்னத்து வெயில் கோடு மறைந்து, அவள் முகம் முழுவதும் ஒளி பாலாகப் பரவியது. "ஐயா, ஒங்க கை படத்துல விழுது. கொஞ்சம் வெளிய இழுத்துக்கிடுங்க," என்றார் புகைப்படக்காரர். ஓரக்கண்ணில் அவளுக்கு வேட்டி முனையைப் பற்றியிருந்த ஒரு கட்டைவிரல் தெரிந்தது. சின்ன வயதில் அவள் கதவைச் சாத்தி நசுக்கியதில் நகம் கோணிப்போன விரல். இத்தனை கொடிய வெயிலைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது. "இருக்கட்டும்ண்ணே, கையோடயே எடுங்க," என்றாள். நான்காவது முனை கடைசிவரை இறங்கவில்லை.