வெறுங்கழுத்து

"அடி பாவி! எங்கையடி தாலிக்கொடி?"

புஷ்பராணி போட்ட சத்தத்தில் ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டுமே!

தம்பி பேரின்பநாயகத்துக்குக் குடலில் வந்த புற்றுநோய் ஈரலுக்கும் பரவிவிட்டது. மருந்துக்குக் கட்டிகள் சுருங்குகின்றனவா என்று பார்க்க, சிங்கப்பூருக்குப் புதிதாக வந்திருக்கும் எம்.ஆர்.ஐ. மெஷினில் இன்று படம் எடுக்கிறார்கள். சிராங்கூன் ரோடு கோயிலில் அர்ச்சனை செய்து, திருநீற்றோடு ஓடி வந்தால், அவன் பெண்சாதி குணவதி வெறுங்கழுத்தோடு உட்கார்ந்திருக்கிறாள்!

"கழட்டி வச்சிருக்கிறன், மச்சாள்."

"புருஷன் மூச்சோட இருக்கேக்கையே கழட்டிப்போட்டியோ? அவ்வளவு அவசரமோ உனக்கு?"

குணவதி தலையைக் குனிந்துகொண்டாள். புஷ்பராணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவளும் ஒரு பொம்பிளையா?

"வாயில என்ன கொழுக்கட்டையோ? அவனுக்கு ஏன் சுகம் வரேல்லை எண்டு இப்பத்தானே விளங்குது! நான் கூடப் பிறந்தவள். அவனுக்காக உயிரையும் குடுப்பன், தெரியுமோ?"

கதவு திறந்தது. படம் எடுக்கும் ருக்கையா எட்டி, குணவதியைப் பார்த்தாள்.

"அக்கா, அங்கிள் ரொம்ப நடுங்குறாரு. நீங்க வந்தாத்தான் அசையாம படுப்பாரு."

"ஆர் நடுங்குறது? என்ர தம்பியோ? அவன் போலீஸ் சார்ஜண்டா இருந்தவன், பிள்ளை!"

"யாரா இருந்தா என்ன, அந்தக் குழாய்க்குள்ள போனா பயம் வரும் லா. போன தடவை அசைஞ்சு அசைஞ்சு படமெல்லாம் கலங்கிப்போச்சு. டாக்டரால ஒண்ணுமே பார்க்க முடியல. இன்னிக்கும் அப்படி ஆனா, எந்த மருந்து கொடுக்கிறதுன்னே தெரியாது. அக்காதான் கூட வந்து காலைப் பிடிச்சுக்கிறேன்னாங்க. மெஷின் பெரிய காந்தம், கிட்ட நகைநட்டு ஆகாது, அதான் கழட்டச் சொன்னேன்."

"அவர் பயப்படுறது ஒருத்தருக்கும் தெரியக் கூடாதெண்டு சொன்னவர், மச்சாள்," என்றாள் குணவதி மெதுவாக.

புஷ்பராணிக்கு ரோஷம் வந்துவிட்டது.

"அப்ப நான் போறன். என்ர தம்பிக்கு என்னை விட்டா ஆர்?"

"சரி ஆன்ட்டி, வாங்க." ருக்கையா ஒரு தட்டை நீட்டினாள். "வளையல், கொடி எல்லாத்தையும் இதுல போடுங்க."

புஷ்பராணியின் கை சட்டென்று தன் தாலிக்கொடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

"என்ன கதை கதைக்கிறீர் பிள்ளை? என்ர மனுசன் வீட்டில சுகமா இருக்கேக்கை, நான் எப்பிடி இதைக் கழட்டுறது?"

குணவதி எழுந்து கதவை நோக்கி நடந்தாள்.

"என்ர மனுசன் சுகமா இருக்கோணும் எண்டுதான், மச்சாள், நான் கழட்டினனான்."