தொடையளவுத் தண்ணீர்

அங்கன்வாடி நடக்கும் ஓட்டு வீட்டின் வெளிச்சுவரில், தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்தில் சாக்பீஸால் ஒரு கோடு இழுத்தேன்.

"ஏரி ரொம்பி, தண்ணி கலங்கல் தாண்டி வழிஞ்சா, இங்க இவ்வளவுதான் தண்ணி நிக்கும் டீச்சர்."

செவ்வந்தி டீச்சர் கோட்டைப் பார்த்தார். என் கையிலிருந்த வெள்ள வரைபடத்தைப் பார்த்தார்.

வரைபடத்தில் ஊரே நீலமாக இருந்தது. கருநீலம் என்றால் கழுத்தளவு. நடுநீலம் இடுப்பளவு. இளநீலம் தொடையளவு.

மீட்டரில் போட்டால் ஊருக்குப் புரியாது, உடம்பளவாகப் போடுவோம் என்பது என் யோசனைதான். அலுவலகத்தில் கைகூடத் தட்டினார்கள்.

தண்ணீர் வந்தால் ஆட்களை ஏற்றிப்போக டிராக்டர் தருவதாகச் சொன்னவர் முனிரத்தினம் ஒருவர்தான். அது முதலில் கருநீலத் தெருக்களுக்குப் போகும். இளநீலத்துக்குக் கடைசி நடை. அங்கிருப்பவர்கள் நடந்தே மேட்டுக்கு வந்துவிடலாம்.

அங்கன்வாடி இளநீலம்.

டீச்சர் காலையிலிருந்து கேட்பது ஒன்றே ஒன்று. முதல் நடை இங்கே வர வேண்டும். பகலில் கலங்கல் வழிந்தால் உள்ளே பதினெட்டுப் பிள்ளைகள் இருப்பார்கள். அம்மாக்கள் எங்காவது நடவில் இருப்பார்கள்.

சாயங்காலத்துக்குள் டிராக்டர் நடைப் பட்டியல் உத்திரமேரூர் தாலுகா அலுவலகத்துக்குப் போக வேண்டும்.

முனிரத்தினம் வேப்பமரத்தடியில் டிராக்டரைவிட்டு இறங்காமலே பேசினார்.

"தொட அளவு தண்ணிக்கு டிராக்டர் கேக்கறியேம்மா டீச்சரு. நாங்க அதுல மாட்டக் கய்வி, நாங்களும் குளிச்சிட்டு, வூட்டுக்குப் போயி நாஷ்டா துன்னுக்கினு இருப்போம்."

நானும் சிரித்தேன்.

டீச்சர் உள்ளே போனார். பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிவந்து கோட்டருகே விட்டார்.

மாதாமாதம் அந்தச் சுவரில்தான் உயரம் அளப்பார்கள் போலிருக்கிறது. யாரும் சொல்லாமலே செருப்பைக் கழற்றினார்கள். குதிகாலைச் சுவரோடு ஒட்டினார்கள். எதற்கென்று தெரியவில்லை, வயிற்றையும் உள்ளே இழுத்துக்கொண்டார்கள்.

கோடு ஒருவனுக்குத் தோளில் ஓடியது. அடுத்தவளுக்குக் கழுத்தில். அதற்கடுத்தவனுக்கு முகவாயில்.

உனக்கு எங்கே, எனக்கு எங்கே என்று எட்டி எட்டிப் பார்த்து ஒரே சிரிப்பு.

கடைசியில் ஷாரோன். இரண்டரை வயது. கோடு அவள் மூக்குக்கு நேராக வந்தது.

"ஐ, ஷாரோன் முழுகிட்டா" என்றான் பக்கத்திலிருந்தவன்.

அவள் சட்டென்று நுனிக்காலில் எம்பினாள்.

"நா முழுவல. கோடு கீய கீது பாரு."

ஷாரோன் கால் நடுங்க அப்படியே நின்றாள்.

டீச்சர் என்னைப் பார்த்துக் கேட்டார். குரலில் கோபமில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"இன்னா சார், இது யாரு தொட?"

எனக்குப் பதில் தெரியும். பட்டியலில் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

முனிரத்தினம் டிராக்டரைவிட்டு இறங்கி வந்தார். ஷாரோன் முன்னால் குந்தி உட்கார்ந்தார்.

"கால எறக்கும்மா, வலிக்கப் போவுது. மாமா வண்டி மொதல்ல உன்னாண்டதான் வரும்."

அவள் நம்பாமல் டிராக்டரைப் பார்த்தாள்.

"ஆரன் அடிக்கலாமா?"

"நீதான் அடிக்கணும். எனுக்கு ஸ்டீயரிங் புடிக்கவே ரெண்டு கை பத்தல" என்றார். என் பக்கம் திரும்பி, "எய்திக்க சார்" என்றார்.

எழுதினேன். முதல் நடை: அங்கன்வாடி.

வரைபடத்தில் 'தொடையளவு' என்றிருந்ததை அடித்துவிட்டு, மேலே 'ஷாரோன் மூக்களவு' என்று எழுதினேன். மேலதிகாரி கேட்டால் இவளையே கூட்டிப்போய் நிறுத்திவிடலாம்.

அதற்குள் பிள்ளைகள் டிராக்டரைச் சூழ்ந்துகொண்டார்கள். ஆரன் அலறியது.

"உள்ள வாங்க சார், கையெழுத்து போட்டுத் தரேன்" என்று டீச்சர் கூப்பிட்டார்.

பட்டியலைப் பார்த்துக்கொண்டே நுழைந்தேன். வாசல் நிலை என் நெற்றியில் மடாரென்று இடித்தது.

ஆறடி இரண்டங்குலம். அலுவலகத்திலேயே நான்தான் உயரம். வரைபடத்துக்கு உடம்பளவு எடுக்க ஓர் ஆள் வேண்டும் என்றபோது என்னைத்தான் நிற்கவைத்து டேப் பிடித்தார்கள்.

பிள்ளைகள் ஆரனை விட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

டீச்சர் என் நெற்றியைப் பார்க்கவில்லை. என் காலை, பாதத்திலிருந்து மேலாக, மெதுவாக ஒருமுறை பார்த்தார்.

பிறகு அவரும் சிரித்துவிட்டார்.