ஒரு கிண்ணம் யூரியா

"கையும் களவுமாப் பிடிங்க சார்! ஊருக்கெல்லாம் இயற்கை உரம்னு உபதேசம். ஆனா யூரியாப் பையைச் சைக்கிள்ல மறைச்சு எடுத்துட்டு வர்றார் அந்த மனுஷன். இந்த ஜன்னல் வழியா நானே பார்த்தேன்!"

காலில் மாவுக்கட்டுடன் கட்டிலில் கிடந்த டீச்சர், புகார்க் கடிதத்தை நீட்டினார். அவர் கொல்லைப் பக்கம் போயே இரண்டு மாதமாகிறது. வாய்க்கு மட்டும் ஓய்வில்லை.

சான்றிதழ் ஆய்வாளர் வாங்கிக்கொண்டார். டீச்சரும் பக்கத்துத் தோட்டக்காரரும் கீரியும் பாம்பும் என்பது தெருவுக்கே தெரியும். தோட்டக்காரருக்கு டீச்சர் வைத்த பெயர் 'சாணிச் சாமியார்'. பதிலுக்கு அவர் வைத்தது 'யூரியா டீச்சர்'.

இருந்தாலும் புகார் புகார்தான். உண்மையென்றால் சாமியாரின் இயற்கை விவசாயச் சான்றிதழ் பறிபோகும். அதை நம்பி நடக்கும் காய்கறிக் கடையையும் மூட வேண்டியதுதான்.

மறுநாள் காலை, சாமியாரின் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஆய்வாளர் பதுங்கி நின்றார். சாமியார் பூனை மாதிரி வந்தார். கையில் ஒரு கிண்ணம். அது நிறைய வெள்ளைக் குருணை.

"என்ன சாமி, எறும்புக்குச் சர்க்கரையா?"

சாமியார் சட்டென்று கிண்ணத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். "மெதுவாப் பேசுங்க சார்! டீச்சர் காதுல விழுந்தா என் மானம் போயிடும்."

"எத்தனை நாளா நடக்குது இது?"

"ரெண்டு மாசமா. செடியெல்லாம் மஞ்சளாயிட்டே வந்துச்சு. பார்த்துட்டுச் சும்மா இருக்க மனசு கேக்கலை."

"உங்ககிட்டதான் எரு மலை மாதிரி கிடக்கே?"

"எரு போட்டா வாசனையே என்னைக் காட்டிக் கொடுத்துடுமே சார்!"

"எந்தச் செடிக்குப் போடறீங்க? காட்டுங்க."

தலையைக் குனிந்தபடி சாமியார் முன்னே நடந்தார். ஆய்வாளர் போய்ப் பார்த்தார். "மிச்சத்தையும் போட்டுடுங்க. ஆனா எனக்குப் பொய் எழுத வராது. உண்மையைத்தான் எழுதுவேன்" என்றார்.

மாலையில் ஆய்வாளரே அறிக்கையைக் கொண்டுவந்து டீச்சர் கையில் கொடுத்தார். டீச்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்கப் படித்தார். "'யூரியா போட்டது உண்மை.' பார்த்தீங்களா! நான் சொன்னா பொய்யாகுமா?"

"அடுத்த வரியையும் படிங்க டீச்சர்."

'போட்ட இடம்: புகார் கொடுத்தவர் வீட்டுக் கொல்லை, கத்தரிப் பாத்தி.'