எந்த ஊர் டீம்

முதல் பிரிவுக்கு ஏற நகரத்து அணிக்கு இன்னும் ஒரு கோல் வேண்டும். மூன்று நிமிடமே மிச்சம். மைதானம் முதன்முறையாக நிரம்பியிருந்தது. ஆனால் ஆர்ப்பரிப்பெல்லாம் சின்ன ஊரிலிருந்து வந்த எதிரணிக்குத்தான். வெளியே போன பந்தை எறிய ஓரத்துக்கு வந்த நகரத்து கேப்டன் ஜெசிந்தா, முன்வரிசையில் எதிரணிக்காகத் தொண்டை கிழியக் கத்தியவரிடம் கேட்டேவிட்டாள்.

"நீங்க எங்க இருக்கீங்க?"

"இங்கதாம்மா, இருபது வருஷமா. ஆனா நம்ம ஊர் டீம் அதாச்சே!"

"எனக்கு இதாங்க ஊரு."

எறிந்தாள், ஓடினாள், திரும்பி வந்த பந்தை இடது காலால் உதைத்தாள். வலை குலுங்கியது. மைதானமே அடங்கிப்போனது. தோழிகள் மட்டும் அலறிக்கொண்டு அவள்மேல் விழுந்தார்கள். அந்தக் குவியலுக்கு அடியிலிருந்து எட்டிப் பார்த்தாள். அவர் நாற்காலிமேல் ஏறி நின்று, சுற்றியிருந்தவர்கள் முறைக்க முறைக்கக் கைதட்டிக்கொண்டிருந்தார்.