அணிலிடம் கொடுத்த கடலை

கூட்டத்தில் யாராவது ஒரு பொருளைத் தூக்கிக் காட்டினால், அந்த நொடியிலேயே அதைப் பற்றிப் பாட வேண்டும். அதுதான் மைனாவின் தொழில். மரங்கொத்தி தாளம் போடும். மூன்று வருஷமாக மைனா ஒருமுறைகூடத் தடுமாறியதில்லை. ஆனாலும் கிளையில் ஏறும்போதெல்லாம் அதற்குக் கால் நடுங்கும். இன்றைக்கு வார்த்தை வராமல் போய்விட்டால்?

இந்தத் தடவை பயம் தாங்கவில்லை. வேர்க்கடலையைப் பற்றி எட்டு வரி மனப்பாடம் செய்துகொண்டது. ஒரு கடலையை அணிலிடம் கொடுத்து, "நான் கேட்டதும் நீதான் முதல்ல தூக்கிக் காட்டணும். மரங்கொத்திக்குத் தெரிய வேண்டாம்" என்றது.

தாளம் ஆரம்பித்தது. "யார் கையில என்ன இருக்கு?" என்று மைனா கேட்டது. அணில் எழுந்து இரண்டு கையையும் தூக்கியது. கையில் ஒன்றுமில்லை. வாயோரம் கடலைத் தோல் ஒட்டியிருந்தது.

மைனா அணிலின் வாயைப் பார்த்தது. கூட்டம் காத்திருந்தது. மரங்கொத்தி தாளத்தை நிறுத்தவில்லை.

"எடுத்துக் கொடுத்தேன் கடலை,
கடிச்சு முடிச்சே, ஒண்ணும் விடலை.
படிச்சு வெச்சது எட்டு வரி,
நடுங்கி நிக்குது என் உடலே..."

முதலில் ஒரு காக்கை சிரித்தது. பிறகு மரமே குலுங்கியது. பொழுது சாயும்வரை மைனாவை யாரும் இறங்க விடவில்லை.

கூட்டம் கலைந்ததும் அணில் தயங்கித் தயங்கி வந்தது. "மன்னிச்சுடுங்கண்ணே, பயத்துல தின்னுட்டேன். அடுத்த தடவை எதைத் தூக்கட்டும்?"

"என்கிட்ட மட்டும் சொல்லிடாதே" என்றது மைனா. அதற்குக் கால் இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது.